கழிவு போக இருபத்தொரு கிலோமீட்டர்

குட்டியானை வண்டி பின்னால் வந்துகொண்டிருந்தது. திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, கருவாட்டு வாடை வண்டிக்கு முன்னால் ஓடிவந்து தோளைத் தொட்டு, இதோ இருக்கேன் என்று சொல்லிவிடும். கடைசியாக ஓடுகிறவருக்குப் பின்னால் ஒரு வண்டி வரும், அது யாரைத் தாண்டுகிறதோ அவர் ஏறி உட்கார்ந்துகொள்ள வேண்டும், அத்தோடு அவர் ஓட்டம் முடிந்தது என்று விடியற்காலையில் ஒலிபெருக்கியில் அறிவித்தபோது, ஆவுடையப்பன் வெள்ளை வெளேரென்று கௌரவமான ஏதோ ஒரு வண்டியைக் கற்பனை செய்திருந்தார். வந்ததோ முந்தாநாள் வரை நெத்திலிக் கருவாடு சுமந்த குட்டியானை. மேலே நீலத் தார்ப்பாய் போட்டு நாலு பக்கமும் இறுக்கிக் கட்டியிருந்தது, உள்ளே தண்ணீர்க் கேன்களும் வாழைத்தாரும் என்றார்கள். அறுபத்தாறு வயசில், ஊர் ஊராக அலைந்து மோட்டார் பம்ப்செட் விற்றே தேய்ந்த கால்களோடு, முத்தன்துறைக் கடற்கரைச் சாலையில் அரை மாரத்தான் ஓட வந்த மனுஷனைத் துரத்த ஒரு கருவாட்டு வண்டி. துரத்தட்டும். வெயிலில் நிழல் மாதிரி அதுவும் ஒரு துணை. இப்போது தலைக்குள் நிஜமாகத் துரத்துவது வேறொன்று. சற்று முன்னால், உப்பளத்துக்குப் பக்கத்தில், பாதித் தூரம் முடிந்து திரும்புகிற இடத்தில் ஒரு ரப்பர் பாய் விரித்திருந்தார்கள். அதை மிதித்தால் கீங் என்று சத்தம் வரும், வந்தால் நம் பெயர் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது என்று அர்த்தம். ஆவுடையப்பன் மிதித்தார். பாய் வாயைத் திறக்கவில்லை. குடைக்கு அடியில் உட்கார்ந்திருந்தவர், திரும்ப ஒருவாட்டி மிதிங்க சார் என்றார். மிதித்தார். குதித்தே மிதித்தார். நெஞ்சில் குத்தியிருந்த நம்பர் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு அந்த ஆள் பல் டாக்டர் மாதிரி உச்சுக் கொட்டினார். "சிப் எங்க சார்? பின்னால பட்டையா ஒண்ணு ஒட்டியிருக்குமே. அது இல்லேன்னா நீங்க ஓடுனதாவே கணக்குல வராது. பரவால்ல, உடம்புக்கு நல்லதுதானே, சும்மா ஓடுங்க." சும்மா ஓடுங்க. அட்டையின் பின்பக்கத்தில் பசை காய்ந்த தடமும், நாலு மூலையிலும் மஞ்சளும் இருந்தன. மஞ்சளைப் பார்த்ததும் எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கினபடியே ஓடிக்கொண்டிருந்தார்.

உலகம்மாளின் நகம். அந்த நகத்துக்குத் தப்பின ஸ்டிக்கர் இந்தப் பூமியில் கிடையாது. எவர்சில்வர் பாத்திரம் வாங்கினால் கடை வாசலிலேயே உரிக்க ஆரம்பிப்பாள், ஆப்பிளில் ஒட்டின சின்ன வட்டத்தைக்கூட விடமாட்டாள், மகள் கல்யாணத்துக்கு வந்த பிரிட்ஜில் ஒட்டியிருந்த நட்சத்திரத்தைச் சுரண்டி எடுத்தவள். புதுசு என்று எது வந்தாலும் முதலில் ஸ்டிக்கரை உரி, அப்புறம் தண்ணீரில் நனை, அப்புறம் மூலையில் மஞ்சள் வை, அப்புறம்தான் உடம்பில் படலாம், அது அவள் பிறந்த வீட்டு வழக்கம். நேற்றுச் சாயந்திரம் கூடாரத்துக்கு முன்னால் உட்கார்ந்து புதுப் பனியனை வாளித் தண்ணீரில் நனைத்தாள். நம்பர் அட்டையும் புதுசுதானே. பின்னால் ஒட்டியிருந்த பட்டையை விலைச் சீட்டு என்று நினைத்துப் பூப்போலக் கிழிக்காமல் உரித்து, உருட்டி, காற்றில் விட்டாள். இவர்தான் அட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிடித்துக்கொண்டு என்ன செய்தார், மருமகனுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். கயத்தாறு பஸ் கதை. எந்தக் கதையால் இந்த ஓட்டம் வந்ததோ, அதே கதை. முழங்காலே, இடது முழங்காலே, நீ கொஞ்சம் வாயை மூடு, நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். கதை பெரிசு ஒன்றுமில்லை. வாலிபத்தில் ஒருநாள் சாம்பிள் பம்ப்பைக் கூரையில் ஏற்றிவிட்டு டீ குடிக்கப் போனார், பஸ் கிளம்பிவிட்டது, இவர் பின்னாலேயே ஓடி, கோவில்பட்டி ஸ்டாண்டில் பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்று டிரைவரிடம், ஏன்யா லேட்டு என்று கேட்டார். இதில் தப்பு என்ன இருக்கிறது? ஆவுடையப்பன் பொய் சொல்கிற ஆள் இல்லை. நடந்ததற்குக் கொஞ்சம் தண்ணீர் பாய்ச்சி வளர்ப்பவர், பம்ப்செட் வியாபாரிக்கு அது தொழில். அவர் மாட்டிக்கொடுத்த ஐந்து குதிரைச் சக்தி மோட்டாரிலிருந்து தண்ணீர் பாய்ந்த பாய்ச்சலில் பக்கத்து ஊர்க்காரர்கள் மழை என்று குடை பிடித்தார்கள், மேலே பறந்த காக்கை குளித்துவிட்டுப் போனது. சொன்னால் ஊரே வாயைப் பிளக்கும். உலகம்மாள் மட்டும் பின்னால் நின்று இடது உள்ளங்கையை விரித்து, வலது கையைக் கத்தி மாதிரி அதன் நடுவில் வைப்பாள். பாதி. கதை ரொம்பப் பெரிசு என்றால் கத்தி நகர்ந்து நகர்ந்து சுண்டுவிரல் நுனிக்குப் போகும். "கழிவு போக, வரப்பு நனைஞ்சிருக்கும்" என்பாள். பம்ப்செட் விலையில் இவர் தள்ளிக்கொடுத்த கழிவைவிட இவர் கதைகளுக்கு அவள் கொடுத்த கழிவு அதிகம். உலகமே நம்பினாலும் உலகம்மாள் நம்பமாட்டாள் என்று சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். இந்த வருஷம் பொங்கலன்று மருமகன் சிவசைலம் முன்னிலையில் கயத்தாறு பஸ் கதைக்கும் கத்தி இறங்கியது. "கழிவு போக, பஸ் ஸ்டாண்டுக்கு உள்ள இருந்து வெளிவாசல் வரைக்கும் ஓடியிருப்பாக." எல்லோரும் சிரித்தார்கள், மருமகன் தண்ணீர் குடித்துப் புரையேறுகிற அளவுக்குச் சிரித்தான். ஆவுடையப்பன் சாப்பாட்டு இலையை மூடிவிட்டு, "அவ்வளவு தூரத்தை இப்பவும் ஓடுவேன் மாப்ளே, எந்த ரோட்டுலன்னு மட்டும் சொல்லும்" என்றார். மகள் சங்கரி ஓடுகிறவள், கோயம்புத்தூரில் அதிகாலையில் எழுந்து ஓடிவிட்டு வேலைக்குப் போகிறவள். அவள்தான் போனைத் தடவி, "அப்பா, முத்தன்துறைல அரை மாரத்தான் வருது, நானும் ஓடுறேன், ரெண்டு நாள் பீச்சுலயே டெண்டு போட்டுத் தங்கலாம், எல்லாரும்" என்றாள். இலையை மூடினவர் திறக்க முடியுமா?

அப்படித்தான் இந்தக் குடும்பம் மூட்டை முடிச்சோடு கடற்கரைக்கு வந்து விழுந்தது. சிவசைலம் வாடகைக்கு எடுத்த கூடாரத்தைப் படம் பார்த்துப் பார்த்து நட்டான். எழுந்து நின்றதும் வாசல் ஒரு பனைமரத்தை முட்டிக்கொண்டு இருந்தது, உள்ளே போக வேண்டுமென்றால் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போக வேண்டும். உலகம்மாள் வீட்டிலிருந்து விளக்குமாறு கொண்டுவந்திருந்தாள். வந்தவுடன் கடற்கரையைப் பெருக்க ஆரம்பித்தாள். "அம்மா, மணலைப் பெருக்கினா மணல்தாம்மா வரும்" என்று சங்கரி சொல்ல, "வரட்டும், சுத்தமான மணலா வரட்டும்" என்று தண்ணீர் ஓரம் வரை பெருக்கிவிட்டு வந்தாள். அந்தக் கடலே கொஞ்சம் ஒதுங்கி நின்ற மாதிரி ஆவுடையப்பனுக்குத் தோன்றியது. நேற்று ராச்சாப்பாட்டுக்கு இட்லியும் மிளகாய்ப்பொடியும். காலையில் இவர் கிளம்பும்போது அவள் கூடாரத்தில் இல்லை. எங்கேயாவது பெருக்கிக்கொண்டிருப்பாள் என்று நினைத்தார். போய்வாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லமாட்டாள், சீக்கிரம் திரும்பி வரப்போகிறவருக்கு என்ன வழியனுப்பு என்று நினைத்திருப்பாள். அதற்காகத்தானே அந்தக் கீங். எட்டு மாசம் பாளையங்கோட்டைத் திடலில் நாய்களோடும் ரிட்டயர்டு போலீஸ்காரர்களோடும் சுற்றிச் சுற்றி ஓடினதெல்லாம் அந்த ஒரு கீங் சத்தத்துக்காக. கம்ப்யூட்டர் சொன்னால் கழிவு கிடையாது. அட்டையில் அச்சடித்து வரும், பேர், தூரம், எல்லாம். அதை அவள் கையில் கொடுத்து, இந்தா கத்தியை வை என்று சொல்ல வேண்டும். இப்போது அச்சடிக்க ஒன்றும் இல்லை. அவள் நகமே உரித்து எறிந்துவிட்டது. ஏறிவிடலாமா? ஓடினால் என்ன, ஏறினால் என்ன, கதை ஒன்றுதான். ஏறி உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டே போய், முழுக்க ஓடினேன் என்று சொன்னாலும் அதே பாதிதான், ஓடியே சொன்னாலும் அதே பாதிதான். நிஜத்துக்கும் புளுகுக்கும் ஒரே கழிவு என்றால் எந்த வியாபாரி நிஜத்தைச் சரக்காகப் போடுவான்? கால் மட்டும் யோசனையைக் கேட்காமல் போய்க்கொண்டிருந்தது.

"என்ன அண்ணாச்சி, ஏறுதியளா?" வண்டி ஓட்டுகிற பெர்க்மான்ஸ் தலையை நீட்டினான். நாற்பது வயசிருக்கும், மணிக்கட்டில் ஜெபமாலை, சட்டையில் மேல் பொத்தான் கிடையாது. "மூஞ்சி வாடிப்போச்சு. சீட்டு காலியாத்தான் கிடக்கு." ஆவுடையப்பன் மூச்சை மிச்சம் பிடித்து, "ஏறமாட்டேன்டே, ஆனா நீ ஒரு உதவி செய்யணும், நான் முழுக்க ஓடுனேன்னு சாட்சி சொல்லணும்" என்றார். பெர்க்மான்ஸ் ஸ்டியரிங்கில் தட்டித் தட்டிச் சிரித்தான். "என் சாட்சியா? நல்ல ஆளைப் பிடிச்சிய. போன மாசம் நான் பிடிச்ச வாளைமீனு படகைவிட ஒரு முழம் நீளம். தலை இங்கிட்டுத் தொங்குது, வாலு அங்கிட்டுத் தொங்குது. எங்க வீட்டுக்காரிகிட்ட சொன்னேன். மத்தியானம் விரல் நீளத்துல சாளை மீனை வாங்கிட்டு வந்து கொளம்பு வச்சிட்டா. என் பேச்சுக்கு எங்க தெருவுலயே மதிப்பு கிடையாது அண்ணாச்சி." ஆவுடையப்பனுக்கு அந்த நிலைமையிலும் அவன்மேல் பாசம் பொங்கியது. படகைவிட ஒரு முழம் என்பது நல்ல அளவு, ரெண்டு முழம் என்றால் கெட்டுப்போயிருக்கும். பையனுக்குக் கை திருந்தியிருக்கிறது. ஆனால் சாட்சிக்கு? புளுகனுக்குப் புளுகன் சாட்சி. உலகம்மாள் கத்தியை எங்கே கொண்டுபோய் வைப்பாள், சுண்டுவிரல் நுனியும் தாண்டிக் காற்றில்தான் வைப்பாள். பெர்க்மான்ஸ் ஜன்னல் வழியாக ஒரு செம்பை நீட்டினான். "குடிங்க. வண்டி மூக்கு உங்களைத் தாண்டாது, கை மட்டுந்தான் தாண்டுது." மோர். இஞ்சி நசுக்கிப் போட்டு, பெருங்காயம் தூக்கலாக, உப்பு ஒரு கல் குறைவாக. ரத்த அழுத்தக்காரர்களுக்குப் போடுகிற உப்பு. இந்தக் கடற்கரையிலும் இப்படி மோர் தாளிக்கிறார்களா, நல்ல ஊர் என்று நினைத்துக்கொண்டார். செம்பை வாங்கிக்கொண்ட பெர்க்மான்ஸ், "வலது கால்ல ஆணி இருக்குல்லா, ஓரமா மண்ணுல ஓடுங்க, நோவாது" என்றான். ஆணி இருப்பது இவனுக்கு எப்படித் தெரியும் என்று ஒரு யோசனை வந்தது, வந்த வேகத்தில் முழங்கால் அதைத் தள்ளிவிட்டுத் தன் வலியை உட்காரவைத்தது. பின்னால் யாரோடோ அவன் முணுமுணுவென்று பேசுவது கேட்டது. போனில் பேசுகிறான் போல. தார்ப்பாய்க்குள் தண்ணீர்க் கேன்கள் கிலுகிலுவென்று வளையல் மாதிரி குலுங்கின.

வெயில் ஏறிவிட்டது. இந்தச் சூரியனுக்கு வேறு வேலையே இல்லையா, இத்தனை பெரிய கடல் கிடக்கிறது, அதைக் காய்ச்சாமல் ஒரு வழுக்கைத் தலையைப் பிடித்துக்கொண்டு. காதுக்குள் இதயம் அடித்தது. ஓட்டத்துக்கு முன்னால் போய்ப் பார்த்த டாக்டர், காகிதத்தில் ஓடுகிற கோட்டைப் பார்த்துவிட்டு, இதயம் மாட்டுவண்டி மாதிரி இருக்கு, நிக்காது, ஆனா பறக்கச் சொல்லாதீங்க என்றார். பறக்கவில்லை டாக்டர். மாட்டுவண்டிதான். ஆனால் மாடு வாயில் நுரை தள்ளுகிறது. இங்கேயே விழுந்துவிட்டால்? இந்த உடைமரத்துக்குப் பக்கத்தில், கருவாட்டு வாடையோடு. தூக்கிக்கொண்டு போவார்கள், ஊரில் வந்து கேட்பார்கள், எப்படிப் போனார், ஓடும்போது போனார், எவ்வளவு தூரம் ஓடினார்? உலகம்மாள் அழுதுகொண்டே கையை விரிப்பாளா? விரிப்பாள். பழக்கம் போகுமா. அந்த நினைப்பில் சிரிப்பு வந்து, சிரிப்பில் மூச்சு தட்டி, விலாவில் ஒரு குத்து. குத்து வந்த இடத்தில் தண்ணீர். இடுப்பளவு தண்ணீர், பழுப்பு நிறம், குளிர். அது வேறு நாள். தாமிரபரணி பாலத்துக்கு மேலே ஓடின வெள்ளம். சங்கரி அப்போது கைக்குழந்தை, காய்ச்சலில் உடம்பு வெட்டி வெட்டி இழுக்கிறது, வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம், மருந்துக்கடை இந்தப் பக்கம். மருந்துப் பாட்டிலைத் துண்டில் சுற்றித் தலையில் கட்டிக்கொண்டு, பாலத்துக் கம்பியைப் பிடித்துப் பிடித்து நடந்தார். ஒரு வைக்கோல்போர் முழுசாக மிதந்து வந்து மேலே உரசிக்கொண்டு போனது. கால் தரையில் படவில்லை, எவ்வளவு நேரம் படவில்லை என்று தெரியாது. இதில் ஒரு சொல்லும் கூட்டியது இல்லை. வீட்டுக்குள் போனார், மருந்து கொடுத்தார்கள், குழந்தை தூங்கிற்று, உலகம்மாள் குழந்தையைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. மறுநாள் தெருவில் சொன்னார், கேட்டார்கள். மறுபடி சொன்னார், இன்னும் நாலு பேர் கேட்டார்கள். அப்புறம் ஒரு தடவை சொல்லும்போது, ஏன் என்றே தெரியவில்லை, வாய் சூட்டில் ஒரு முதலை வந்துவிட்டது. வைக்கோல்போர் மேல் உட்கார்ந்து. இவர் அதன் கண்ணைப் பார்த்தார், அது இவர் கண்ணைப் பார்த்தது. அவ்வளவுதான். அதற்குப் பிறகு உலகம்மாளுக்கு வெள்ளமே இல்லை. "வெள்ளம் வத்தின பிறகு யாரோ சைக்கிள்ல கொண்டுவந்து விட்டிருப்பாக" என்று கத்தியைச் சுண்டுவிரலில் வைத்தாள். முதலையைச் சேர்த்திருக்கக் கூடாது. முப்பத்துச் சொச்சம் வருஷமாக, குளிக்கும்போது, சவரம் செய்யும்போது, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரும்போது ஆவுடையப்பன் இதைத்தான் நினைத்துக்கொள்வார். மற்றக் கதைகளுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் கழித்துக்கொள்ளட்டும், காக்கை குளிக்காமலே போகட்டும், குடையை மடக்கிவிடட்டும். வெள்ளம் மட்டும் அவள் கணக்கில் முழுசாக வரவேண்டும். ஒன்றை நம்பினாள் என்றால் அதைக்கொண்டு இன்னொன்றையும் நம்புவாள் என்று ஒரு நப்பாசை. அந்த ஒன்றுதான் இந்த ஓட்டம். அதனால்தான் கால் நிற்கவில்லை, முட்டாள் கால், சிப் இல்லாதது அதற்குத் தெரியாது.

வண்டிக்குள் போன் அலறியது. பெர்க்மான்ஸ் அதை ஸ்பீக்கரில் போட்டான். "பெர்க்மான்ஸ், நேரமாச்சு, ரோட்டைத் திறந்துவிட்டாச்சு. யாரு மிச்சம் இருந்தாலும் ஏத்திட்டு வந்துரு, காத்திருக்காத." போச்சு. அவ்வளவுதான். நாலைந்து கிலோமீட்டர்தான் மிச்சம், தூரத்தில் தேவாலயக் கோபுரம்கூடத் தெரிகிறது, அதற்குப் பக்கத்தில்தான் கூடாரம். குட்டியானையின் உறுமல் நெருங்கி, கருவாட்டு வாடை அக்குளுக்குள் வந்தது. அப்போது தார்ப்பாய்ப் பக்கமிருந்து வண்டித் தகரத்தில் டப் டப் என்று ரெண்டு தட்டு. பஸ்ஸில் கண்டக்டர் தட்டுவதுபோல. யாரோ என்னவோ சொன்ன மாதிரியும் இருந்தது, காற்றாகவும் இருக்கலாம், பாதி மயக்கத்தில் கடலே பேசும். பெர்க்மான்ஸ் தொண்டையைச் செருமினான். "சார், வண்டி பஞ்சர்." "எந்த டயரு?" "எல்லா டயரும் சார்." "நாலுமாடே?" "ஸ்டெப்னியும் சார்." ஓடிக்கொண்டிருந்த ஆவுடையப்பனுக்குத் தொழில்காரனின் வருத்தம் வந்தது. ரெண்டோடு நிறுத்தியிருக்கலாம். ஸ்டெப்னிதான் இவனுடைய முதலை. ஆனால் போன் வைக்கப்பட்டுவிட்டது, நம்பினார்களோ அலுத்துவிட்டார்களோ. வண்டி ஓரம் கட்டி நின்றது. "போங்க அண்ணாச்சி, நான் பஞ்சர் ஒட்டிட்டு வாரேன்" என்று பெர்க்மான்ஸ் நாலு நல்ல டயர்கள்மேல் உட்கார்ந்துகொண்டு கையசைத்தான்.

திடீரென்று ரோடு பெரிசாகிவிட்டது. முதுகுக்குப் பின்னால் யாரும் இல்லை. மணிக்கணக்காக எந்த வாடையைச் சபித்துக்கொண்டு வந்தாரோ அதைத் தேடி மூக்கு பின்னால் திரும்பியது. இருந்த ஒரு புளுகுச் சாட்சியும் போயிற்று. இனிமேல் ஓடுவதை உப்புக்காற்றும் உடைமரமும்தான் பார்க்க வேண்டும். ஓடு. யாருக்காக? தெரியவில்லை, ஓடு. திறந்துவிட்ட ரோட்டில் முதலில் ஒரு பைக் போயிற்று, ஒரு மீன் ஆட்டோ போயிற்று, அப்புறம் பின்னாலிருந்து ஒரு ஹாரன். டவுன் பஸ். ஆவுடையப்பனின் முதுகெலும்பு அந்தச் சத்தத்தைக் கேட்டதும் நிமிர்ந்தது. மீன் விற்கிற பெண்கள் அலுமினியச் சட்டிகளோடு நிரம்பி வழிய, பஸ் ஒருபக்கமாகச் சாய்ந்து இவரைத் தாண்டியது, படியில் தொங்கின கண்டக்டர், "தாத்தா, ஏறுதியளா, சீனியர் சிட்டிசனுக்கு சீட்டு உண்டு" என்றான். தாண்டிப் போய் நின்றது. நிறுத்தம். ரெண்டு பெண்கள் இறங்கி, சட்டியை இறக்கி, சில்லறைக்குச் சண்டை போட்டு, மறுபடி ஒரு சட்டியை ஏற்றுவதற்குள் ஆவுடையப்பன் அதைக் கடந்துவிட்டார். பஸ் மறுபடி வந்து தாண்டியது. மறுபடி நின்றது. மறுபடி இவர் தாண்டினார். ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. "எக்கா, பனியன்காரரு முந்துதாரு." "ஏ டிரைவரு, அமுக்கும்." "அவரை முந்தவிடும்யா, நாம என்ன கப்பலுக்கா போறோம்." ஒரு பெண் இவருக்காகவே வேண்டுமென்று இறங்குகிற இடத்தில் மெதுவாக, ஆற அமர, தலையில் சும்மாடு கட்டிச் சட்டியை வைத்துப் பஸ்ஸை நிற்கவைத்தாள். முழங்கால் பேச்சை நிறுத்திவிட்டது. ஆணி எந்தக் காலில் இருக்கிறது என்றே மறந்துபோயிற்று. கயத்தாறிலிருந்து கிளம்பின பஸ்தான் இது, சந்தேகமே இல்லை, இத்தனை வருஷமாக எங்கேயோ சுற்றிவிட்டு இப்போதுதான் வந்து சேர்கிறது, கூரைமேல் இவர் பம்ப் இருக்கிறதா என்று நிமிர்ந்துகூடப் பார்த்தார், கூடைகள் இருந்தன. தேவாலயத்து முடுக்கில், கடைசி நிறுத்தத்தில் பஸ் இரைந்துகொண்டு திரும்பும்போது ஆவுடையப்பன் அங்கே ஏற்கெனவே இருந்தார். டிரைவரைப் பார்த்தார். வாயைத் திறந்தார். "ஏன்யா லேட்டு?" சத்தமாக வந்ததோ காற்றாக வந்ததோ, டிரைவர் தலைக்குமேல் ரெண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டான். இதை யார் நம்புவார்கள். ஒருத்தரும் நம்பமாட்டார்கள். ஆனால் நடந்துவிட்டது, ஒரு சொல் கூட்டாமல் நடந்துவிட்டது, அந்தச் சந்தோஷம் கடற்கரை மணலில் இறங்கின பிறகும் கால்களைத் தூக்கித் தூக்கிப் போட்டது.

முடிவிடத்தில் காற்றடைத்த வளைவைக் காற்றுப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் தொய்ந்து சரிந்ததை மருமகன் சிவசைலம் தலையாலும் ரெண்டு கையாலும் முட்டுக் கொடுத்துத் தாங்கி நின்றான், "மாமா வர்றாரு, விடாதீங்க, மாமா வர்றாரு" என்று. சங்கரி எப்போதோ ஓடி முடித்துக் குளித்தே விட்டிருந்தாள், அவள் போனில் சார்ஜ் தீர்ந்துபோனதால் படம் பிடிக்கவும் வழியில்லை. குனிந்து வளைவுக்குள் புகுந்து, மருமகனையும் சேர்த்து இடித்துக்கொண்டு ஆவுடையப்பன் கடைசிப் பாயை மிதித்தார். அது கடைசிவரை வாய் திறக்கவில்லை. மேஜைக்குப் பின்னால் மெடல் பெட்டியோடு இருந்த பெண்மணி கம்ப்யூட்டரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "சார், உங்க பேர் தொடக்கத்துலயும் இல்ல, பாதியிலயும் இல்ல. தப்பா நினைக்காதீங்க, எவ்வளவு ஓடுனீங்க?" "முழுசும்" என்றார். அந்த ஒரு சொல்லைத் தவிர வேறு எதுவும் வாயில் மிச்சமில்லை. அவள் சங்கரியைப் பார்த்தாள். சங்கரி பழக்கதோஷத்தில் அம்மாவைத் தேடித் திரும்பினாள். அப்போதுதான் குட்டியானை மணலோரம் வந்து நின்றது, பெர்க்மான்ஸ் இறங்கிப் பின்னால் போய்த் தார்ப்பாய்க் கயிற்றை அவிழ்த்தான். தண்ணீர்க் கேன்களுக்கு நடுவிலிருந்து ஒரு தலையணை வந்தது, மோர்ச் செம்பு வந்தது, புடவையைக் காலிடுக்கில் செருகிக்கொண்டு உலகம்மாள் வந்தாள். தலையில் ரெண்டு நெத்திலி ஒட்டியிருந்தது. ஆவுடையப்பனுக்குக் கேன்களும் வளையலும், மோரும் ஆணியும், டப் டப்பும் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து மண்டையில் ஏறின. பெர்க்மான்ஸ், "பஞ்சர்னு சொல்லச் சொன்னது அக்காதான், ஸ்டெப்னி மட்டும் நம்ம சரக்கு" என்றான். உலகம்மாள், சினிமாக் கதையைச் சொன்னால்கூட ஒரு சொல் கூட்டாதவள், பஞ்சர் என்று சொல்லச் சொல்லியிருக்கிறாள். மேஜைப் பெண்மணி அவளிடம் கேட்டாள், "நீங்க சொல்லுங்கம்மா, இவரு எவ்வளவு ஓடுனாரு?" உலகம்மாள் செம்பைக் கீழே வைத்தாள். இடது கையை விரித்தாள். வலது கை எழும்பியது. ஆவுடையப்பன் கண்ணை மூடிக்கொண்டார். வெட்டட்டும், பழகினதுதான். சத்தம் ஒன்றும் வராததால் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். அவள் ரெண்டு கைகளையும் புடவையில் துடைத்துக்கொண்டிருந்தாள். "கழிவு கிடையாது" என்றாள். "இருபத்தொண்ணும் ஓடுனாக. பஸ்ஸையும் முந்துனாக. முதல் அடியிலேருந்து பின்னாலதான் வாரேன், பஞ்சர்னு நின்ன பிறகும் பஸ்ஸுக்குப் பின்னால தள்ளி, தார்ப்பாய் இடுக்கு வழியாப் பார்த்துக்கிட்டேதான் வந்தேன். மூணாவது மைல்லயே ஏறிருவாக, தலையைச் சாய்க்கத் தலையணை வேணுமேன்னுதான் ஏறுனேன். இவுக ஏறவே இல்ல. எழுதிக்கோங்க."

பெண்மணி மெடலை எடுத்துக் கழுத்தில் போட்டாள். "சிப் மட்டும் எப்படி சார் காணாமப் போச்சு? பின்னால பட்டையா ஒட்டியிருக்குமே" என்று கேட்டபோது, மெடலின் பின்னால் ஒட்டியிருந்த சின்ன ஸ்டிக்கரைத் தேடிப் போயிருந்த உலகம்மாளின் நகம் அந்தரத்தில் நின்றது. அவள் முகம் மெல்ல மாறுவதை ஆவுடையப்பன் பார்த்தார். "காக்கா கொத்திட்டுப் போயிருச்சும்மா" என்றார் அவர். "நேத்து சாயந்திரம். இந்த ஊர்க் காக்காய்க்குப் பளபளன்னு எதைக் கண்டாலும் விடாது." சிவசைலம் வளைவுக்கு அடியிலிருந்து சிரித்தான், சங்கரி அம்மாவின் கையைப் பார்த்தாள். அந்தக் கை அசையவில்லை. ஸ்டிக்கரும் மெடலிலேயே இருந்தது.

கூடாரத்துக்கு அவர் கையைப் பிடித்துத்தான் கூட்டிப்போனாள். பெருக்கின மணல் இன்னும் கொஞ்சம் தடம் தடமாகத் தெரிந்தது. கால் ரெண்டும் வேறு யாருடையவோ மாதிரி தள்ளாடின. பாதி வழியில், கடலைப் பார்த்துக்கொண்டே, அடுப்பில் என்ன இருக்கிறது என்று கேட்கிற குரலில் கேட்டாள், "அன்னைக்கு வெள்ளத்துல நடந்துதான் வந்தீகளோ?" அவர் தலையை ஆட்டினார். அவள் இன்னும் ரெண்டு எட்டு வைத்தாள். "வேட்டி சட்டையெல்லாம் கழுத்து வரைக்கும் நனைஞ்சிருந்துச்சு. நான்தான் பிழிஞ்சு போட்டேன். அப்பவே தெரியும். அந்த முதலைதான் இடையில வந்து நின்னுக்கிட்டு என்னை நம்பவிடல." கடல் ஒரு அலையைக் கொண்டுவந்து கால்மேல் வைத்துவிட்டுப் போனது. அவள் நின்று, அவரை ஏறிட்டுப் பார்த்தாள். "அப்போ முதலை?"

ஆவுடையப்பன் கழுத்து மெடலைத் தடவிக்கொண்டு, ரொம்ப நேரம் யோசித்து, நியாயமான கழிவு கொடுத்தார்.

"சின்னதுதான்."